பதினேழு கிலோமீட்டர்

சிவப்பு வெள்ளைத் தடுப்புக் கட்டைக்குக் கீழே
சைக்கிளைப் படுக்கவைத்து இழுத்துக்கொண்டேன்.
முதுகுப்பையில் அளவு நாடா, சாக்கட்டி,
மழையிலும் எழுதும் பென்சில்.
அலுவலக ஜீப் இதற்கு மேல் வராது.
நான் ஹெல்மெட் வாரை மாட்டுவதற்குள்
இருக்கையைப் பின்னால் சாய்த்து
குறட்டையைத் தொடங்கிவிட்டான் ஸ்திலியான்.

ரொடோபி மலையில்
மூன்று வருடம் முந்தைய நவம்பர் மழையில்
பாறை சரிந்து விழுந்த சாலை.
அன்றிலிருந்து ஓர் எஞ்சினும் இங்கே இருமியதில்லை.
தார் பொரிந்து சரளையானது.
சரளைக்குள் காட்டு ஸ்ட்ராபெரி
கொடி நீட்டி, கால் ஊன்றி, மறுபடி கொடி நீட்டி
நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது.

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்.
விறைத்த டயர் கல்லோடு சண்டை போடும்.
தளர்ந்தது பேசிப் பார்க்கும்.

பிறகு ஏற்றம்.
பீச் மரங்கள் இலையிலையாக வெயிலை வடிகட்ட
சங்கிலியின் கிறுகிறுப்பும் என் மூச்சும் மட்டும்.
சக்கரத்தின் விளிம்பில் நெரிபட்ட ஒரு கல்
சுண்டிவிட்டதுபோல் பள்ளத்துக்குப் பறக்கும்.
எண்ணுவேன்.
ஐந்துக்குப் பிறகுதான் ஆறு பதில் சொல்லும்.
அடுத்த வளைவில் ஏழு.
அதற்கடுத்ததில் எண்ணிக்கொண்டே இருந்தேன்,
பதில் வரவில்லை.

சாலை நடுவில் கரடி போட்டுப்போன குவியல்,
முழுக்க ராஸ்பெரி விதை.
வளைந்து போனேன், மரியாதையாக.

தாங்குசுவரில் விரிசல்: நான்கு மில்லிமீட்டர்.
சாக்கட்டியால் கோடு, தேதி, என் கையெழுத்து.
படிவம் கேட்டது: நாளொன்றுக்கு வாகனங்கள்?
சுழியம் என்று எழுதினேன்,
கொஞ்சம் சந்தோஷமாக,
அதை வட்டமாக, அழகாக.

குகைப்பாதையில் விளக்கில்லை.
சைக்கிள் வெளிச்சத்தில் சொட்டும் சுண்ணாம்பு நீர்,
தலைகீழாக முணுமுணுக்கும் வௌவால்கள்.
சுவரில் துருத்திய கம்பியில்
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்.
மார்ச்சில் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு
பூத்த கிளை கண்டதும் அவிழ்த்துக் கட்டுவோமே, அது.
இருட்டில், இரும்பில் யார்?
கம்பியின் துருவைக் குறித்துக்கொண்டு நகர்ந்தேன்.

அப்பால் லெஸ்கோவ்னா.
பதினொரு புகைபோக்கி, ஆறில் புகை.
கடைக்காரி நெத்யால்கா
மோர் ஊற்றித் தந்து, சைக்கிளைச் சுற்றி வந்தாள்,
சந்தையில் கழுதை பார்ப்பவள்போல.
"வழியெல்லாம் அழகாக இருந்திருக்குமே" என்றாள்.
ஆமாம் என்றேன்.
சொன்ன பிறகுதான் அவள் குரல் எனக்குக் கேட்டது.

பாறை சரிந்த அடுத்த மார்ச்சில்
பனி முழங்காலளவு.
அவள் மருமகளுக்குப் பனிக்குடம் உடைந்தது.
கொட்டகைக் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து
நான்கு பேர் தூக்கினார்கள்.
குகைப்பாதையோடு நின்றது பயணம்.
"காற்று அங்கேதான் அடிக்கவில்லை" என்றாள்.
அதற்குமேல் சொல்லவில்லை.
நான் கேட்கவா, வேண்டாமா என்று
டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது
வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி
மணியடித்துக்கொண்டே போனது.
யாருமற்ற தேசியச் சாலையின் சரிநடுவில்,
வாயில் தக்காளியுடன், ஒரு பெண்பிள்ளை.
"கார் என்றால் என்னவென்று தெரியாது அவளுக்கு.
இது நல்லதா கெட்டதா, உங்கள் படிவத்தில் இருக்கிறதா?"

இல்லை.

திரும்பும்போது குகைப்பாதையில் இறங்கி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.
நூலைத் தொடவில்லை.
வெளியே வந்து கல்லில் உட்கார்ந்து
பரிந்துரைக் கட்டத்தில் எழுதினேன்:
திறக்க வேண்டும். பனிக்காலத்துக்கு முன்.
முன் என்பதற்குக் கீழே கோடு.

பிறகு இறக்கம்.
பதின்மூன்று கிலோமீட்டர், மாலை வெயில் பக்கவாட்டில்,
பைன் பிசின் வாசம் பல்லில் ஒட்ட.
ஒவ்வொரு வளைவிலும் சைக்கிள் என்னைக் கேட்காமல் சாய,
பிரேக்கைத் தொடக்கூட இல்லை என்பதை
எழுத இடமில்லாத படிவம் அது.

தடுப்புக் கட்டையருகே
தாருக்குத் தக்கபடி மறுபடி காற்றடித்தேன்.
பம்பின் சத்தத்தில் விழித்த ஸ்திலியான்
"எப்படி, சாலை தேறுமா?" என்றான்.
இன்னும் நாற்பது அடி பாக்கியிருந்தது,
எண்ணிக்கொண்டிருந்தேன்.